விதை, நிலம், உண்ணி

மதுரையைச் சுற்றி மாடு வைத்திருக்கிற வீடுகளில் உண்ணி பிடுங்குவதற்கென்று தனி நேரம் கிடையாது. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு, வெயில் ஏறுமுன், கை சும்மா இருக்கிற நேரத்தில் அது நடக்கும். காதுமடல், அலைதாடி, வாலடி, மடியைச் சுற்றி, கால் இடுக்கு என்று விரலை விட்டுத் தடவினால் தட்டுப்படும். “சின்னதை விட்ருத்தா, அது கைக்குச் சிக்காது. பெருசாப் பாத்துப் புடுங்கு” என்று மாமியார் மருமகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். பிடுங்கியதைச் சிலர் கல்லில் வைத்து நசுக்குவார்கள். சிலர் தொழுவத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொள்வார்கள். எறியப்பட்டது விழுந்த இடத்தில் என்ன செய்கிறது என்று போய்ப் பார்ப்பவர் யாருமில்லை.

ஆமணக்கு முத்து அளவுக்குப் பருத்துச் சாம்பல் நிறத்தில் தொங்கும் அந்தப் பெரிய உண்ணி எப்போதும் பெண்தான். ஆணால் அப்படி ஊத முடியாது. அதன் முதுகு முழுவதையும் கெட்டியான ஓடு மூடியிருக்கிறது. பெண்ணுக்கு அந்த ஓடு தலைப்பக்கம் சிறு துண்டாக நின்றுவிடுகிறது. மிச்ச உடம்பு விரிந்துகொடுக்கும் தோல். நம் பக்கத்து மாடுகளில் பரவலாகக் காணப்படும் ரைபிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற இனம் குஞ்சாக ஒரு மாட்டில் ஏறுகிறது, அதே மாட்டில் இரண்டு முறை தோலுரித்து வளர்கிறது, அங்கேயே துணை கண்டு, ஏறிய நாளிலிருந்து சுமார் மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிறது. நாயில் இருப்பது வேறு இனம். அது ஒவ்வொரு பருவத்துக்கும் கீழே இறங்கி மறுபடி நாயைத் தேடி ஏறும். நம் தெருக்களில் வீட்டுச் சுவரில் மெதுவாக மேலேறிப் போய், பூச்சு விட்ட இடுக்கில் நுழைவது அந்த நாய் உண்ணிதான்.

பெரியது பெரியதாவதற்குக் காரணம் ரத்தம் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. இந்த வகைக் கெட்டி உண்ணிகளில் ஆணோடு சேராத பெண், மாட்டில் எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்தாலும், தன் பட்டினி எடையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வரைதான் குடிக்கும். அதோடு நின்றுவிடும். சேர்ந்த பெண்ணோ, நாட்கணக்கில் நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி ஒரு நாளில், அதுவும் பெரும்பாலும் இரவில், வேகமெடுத்து நூறு மடங்கு வரை போய்விடும். விடியும் நேரத்தில் தானே கழன்று விழும். முந்தின நாள் சாயங்காலம் தடவியபோது இல்லாத பெரிய உண்ணி காலையில் எங்கிருந்து வந்தது என்று மாட்டுக்காரர் குழம்புவது இதனால்தான். அது புதிதாக வரவில்லை. நேற்றும் அங்கேதான் இருந்தது, சின்னதாக.

ஆணிடமிருந்து பெண்ணுக்குள் போகும் எது இந்தப் பசியைத் திறந்துவிடுகிறது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் வெய்ஸ், காஃப்மன் என்ற இருவர் ஆப்பிரிக்க உண்ணி ஒன்றில் இதைத் தேடி, ஆணின் இனப்பெருக்க உறுப்பில் உருவாகும் ஒரு புரத இணையை 2004இல் அடையாளம் கண்டார்கள். பெருந்தீனியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு வொராக்சின் என்று பெயர் வைத்தார்கள். எல்லா உண்ணி இனங்களுக்கும் இதே புரதம்தான் சாவி என்று சொல்லிவிட முடியாது. சேராமல் முழுப்பசி திறக்காது என்பது மட்டும் பல இனங்களில் பார்க்கப்பட்டது. ஆக, மாமியார் காட்டிக்கொடுக்கிற அந்தப் பெரிய உண்ணி, பெரியதாக இருப்பதாலேயே, சேர்ந்து முடித்த ஒன்று. தனக்கு வேண்டியதை உள்ளே வாங்கி வைத்துக்கொண்ட ஒன்று. இனி அதற்கு ஆணும் வேண்டாம், மாடும் வேண்டாம்.

அது எப்படி வாங்கி வைத்துக்கொள்கிறது என்பதில்தான் நான் அதிகம் நின்றுபோனேன்.

ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும் பெண் ஒரு வாசனையை வெளியே விடுகிறது. டைகுளோரோபீனால் என்ற எளிய வேதிப்பொருள் அது; ஒரு அமெரிக்க உண்ணியில் 1972இல் முதலில் கண்டறியப்பட்டது. ஆண் தான் குடித்துக்கொண்டிருந்த இடத்தை விட்டு வாயைக் கழற்றிக்கொண்டு, மாட்டின் மயிர்க்காட்டுக்குள் நடந்து தேடி வருகிறது. பெண்ணின் முதுகில் ஏறி, விளிம்பைச் சுற்றி இறங்கி, வயிற்றோடு வயிறாக அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பெண்ணின் பிறப்புத்துளை வாலடியில் இல்லை. வயிற்றுப்பக்கம், முன்னங்கால்களுக்கு நடுவே, தலைக்கு அருகில் இருக்கிறது. ஆணுக்குச் சேர்க்கைக்கென்று தனி உறுப்பு ஏதும் கிடையாது. தன் வாயுறுப்பைப் பெண்ணின் துளைக்குள் நுழைத்து அதை அகலப்படுத்துகிறது. பிறகு தன் துளையிலிருந்து ஒரு விந்துப் பொதியை வெளித்தள்ளி, அதே வாயால் கவ்விப் பெண்ணின் துளையில் பொருத்துகிறது. இவ்வளவும் நடக்கும்போது பெண் குடிப்பதை நிறுத்துவதில்லை. அதன் வாய் மாட்டின் தோலுக்குள் புதைந்தே இருக்கிறது.

பொதி வெளியே நிற்க, அதன் உள்ளுறை தலைகீழாகப் பிதுங்கிப் பெண்ணின் உடலுக்குள் நீள்கிறது. துளையைத் தாண்டியதும் பிறப்புக்குழாயின் முன்பகுதி, அதன் பின் கழுத்துப்பகுதி. மாட்டு உண்ணி, நாய் உண்ணி இரண்டிலும் இந்தக் கழுத்துப்பகுதியின் மேல்சுவர் ஒரு பையாக விரிந்திருக்கும். விந்து தங்கும் பை அதுதான். அதற்கு அப்பால் ஒரு இணைப்புக்குழாய், சிறிய கருப்பை, அதிலிருந்து இரண்டு கருக்குழாய்கள். இரண்டு குழாய்களும் போய்ச் சேரும் சூலகம் ஒன்றே ஒன்று. உடம்பின் பின்பகுதியில் வளைந்து கிடக்கும் அந்தச் சூலகத்தின் வெளிப்புறத்தில் முட்டைகள் சிறு காம்புகளால் தொங்குகின்றன. ரத்தம் முழுதாகக் குடித்து முடியும் வரை அவை சிறுத்தே இருக்கும். விந்து முன்னாலேயே வந்து பையில் தங்கிவிட்டது, முட்டை இன்னும் தயாராகவில்லை. இந்த இடைவெளிக்காகத்தான் பை.

இதுவரை சொன்னதில் வியப்பு குறைவு. தேனீயிலிருந்து பாம்பு வரை எத்தனையோ உயிர்களில் பெண் விந்தைச் சேமித்து வைக்கிறது. உண்ணியின் தனிச்சங்கதி அந்தப் பைக்குள் வந்து சேர்வது என்ன என்பதில் இருக்கிறது. வந்து சேர்வது விந்தணு அல்ல. விந்தணு ஆகாத ஒரு நீண்ட செல். ஆணின் உடலுக்குள் அது எவ்வளவு காலம் இருந்தாலும் அதற்கு மேல் முதிர்வதில்லை. பொதிக்குள் ஏறிப் பெண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் முதிர்ச்சியின் கடைசிக் கட்டம் நடக்கிறது. அந்தச் செல்லின் வெளியுறை ஒரு முனையில் திறந்து, உள்ளே மடங்கியிருந்த பகுதி வெளியே பிதுங்கி, உள் வெளியாகப் புரண்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாகிறது. அப்போதுதான் அது நகரக் கற்றுக்கொள்கிறது. நாம் பாடப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய வால் இந்த விந்தணுவுக்கு இல்லை. உடம்பின் மேல்பரப்பில் இருக்கும் நுண்ணிய புடைப்புகளை அசைத்து, தடித்த முனை முன்னே போக, ஊர்ந்து நகர்கிறது.

இதைப் படிக்கையில் எனக்கு உடனே நினைவு வந்தது விதை, நிலம் என்கிற பழைய கணக்கு. ஆண் விதை, பெண் நிலம். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும் என்று நம் வீடுகளில் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்பார்களே, அந்தக் கேள்விக்குள் இருக்கிற கணக்கு. மனு ஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் விதையையும் நிலத்தையும் நிறுத்துப் பார்த்து விதையே மேல் என்கிறது; முளைப்பது எதுவோ அது விதையின் குணத்தைத்தான் காட்டும் என்று காரணமும் சொல்கிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் உருவத்தை ஆண் தருகிறது, பொருளைப் பெண் தருகிறது என்றார். 1677இல் லேவன்ஹுக் கண்ணாடி வில்லைக்குள் விந்தணுவை முதன்முதலில் பார்த்த பிறகும் இந்த எண்ணம் போகவில்லை, பலப்பட்டது. அந்த அணுவின் தலைக்குள் கைகால் மடக்கி உட்கார்ந்திருக்கும் சின்ன மனிதன் ஒருவனைப் படமாகவே 1694இல் ஹார்ட்ஸூக்கர் வரைந்து காட்டினார். முழுமையாக முடிந்துபோன ஒன்று வெளியிலிருந்து வருகிறது, உள்ளே இருப்பதற்கு அதை வளர்க்கும் வேலை மட்டும். ஊர் ஊராகப் பேர் மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

உண்ணியிடம் இந்தக் கணக்கு உதைக்கிறது. விதை இங்கே முடிந்து வருவதில்லை. நிலத்துக்குள் போய்த்தான் விதையே ஆகிறது.

இந்த இடத்தில் ஒரு பெண்ணியத் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டால் கட்டுரை அழகாக இருக்கும். உண்மை அதற்கு இடம் தரவில்லை. அந்தக் கடைசி முதிர்ச்சியைத் தூண்டும் பொருளும் ஆணிடமிருந்தே வருகிறது. ஆணின் துணைச்சுரப்பி பொதிக்குள் சேர்த்து அனுப்பும் சிறு புரதம் அது. முதிராத செல்லையும் அதை முதிரவைக்கும் மருந்தையும் ஆணே சேர்த்துக் கட்டி அனுப்புகிறது. இரண்டும் கலந்து வேலை செய்வது பெண்ணுக்குள் போன பிறகு. யாருடைய வேலை இது? இடம் அவளுடையது, மருந்து அவனுடையது, நேரத்தைத் தீர்மானிப்பது இருவரும் இல்லாத ஒன்று, அந்தக் கலப்பு. விதையா நிலமா என்று கேட்கிற வழக்கில் சாட்சி சொல்ல உண்ணியைக் கூப்பிட்டால் அது வழக்கையே தள்ளுபடி செய்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எது மேல் என்ற கேள்வி நிலமும் சொத்தும் வாரிசும் வைத்திருக்கிறவர்களுடையது. உயிர் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகக் கட்டப்படவில்லை.

வாரிசு என்றதும் இன்னொன்று. பைக்குள் ஒரே ஆணின் பொதிதான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாட்டு உண்ணி ஒன்று இட்ட ஒரே குவியலின் முட்டைகளை மரபணு வழியாகச் சோதித்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட தந்தையர் இருந்தது தெரியவந்திருக்கிறது. சுரை எது விதை எது என்று முகம் பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

சேமிப்பு எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க மாட்டை விட்டுக் கோழிக்கு வர வேண்டும். நம் பக்கத்தில் நாட்டுக்கோழிக் கூடுகளிலும், சண்டைச் சேவல் கட்டுகிற இடங்களிலும், பலகை இடுக்கிலும் மரப்பட்டைக்கு அடியிலும் தட்டையாக ஒளிந்திருக்கும் கோழி உண்ணி, ஆர்கஸ் என்ற மென்தோல் வகையைச் சேர்ந்தது. இரவில் மட்டும் வெளியே வரும், கொஞ்ச நேரம் குடிக்கும், விடியுமுன் இடுக்குக்குத் திரும்பிவிடும். சேர்க்கையும் அங்கேதான், கோழியின் மேல் அல்ல. மாட்டு உண்ணி ஒரே தடவை வயிறு நிறையக் குடித்து, ஒரே தடவை முட்டையிட்டு, செத்துப்போகும். கோழி உண்ணி ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு கொத்து முட்டையாகப் பல தடவை இடும். இடையில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். விந்துக்கென்று தனிப்பை அதற்கு இல்லை. பொதியின் உறைகள் கருப்பைக்குள்ளேயே தங்குகின்றன.

இந்த வகையின் ஆப்பிரிக்க உறவான ஆர்கஸ் ப்ரம்ப்டை உண்ணிகளில் ஆறு பெண்களும் நான்கு ஆண்களும் சில இளம் உண்ணிகளும் நைரோபியிலிருந்து 1976இல் அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. அவற்றை வளர்த்தவர் ஜூலியன் ஷெப்பர்ட். உண்ணியின் விந்தணு முதிர்வதைப் பற்றி ஆய்வு செய்தவர். ஒரு கட்டத்தில் அவர் தீனி கொடுப்பதை நிறுத்தினார். ஆண்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. பெண்கள் எட்டு வருடம் ரத்தம் இல்லாமல் உயிரோடு இருந்தன. மறுபடி ரத்தம் கொடுத்தபோது, கடைசி ஆண் செத்து நான்கு வருடத்துக்குப் பின், அவற்றில் குறைந்தது ஒன்று முட்டையிட்டது, முட்டைகள் பொரித்தன. ஆண் இல்லாமலே கருவுறும் உண்ணி இனங்களும் உலகில் உண்டு. ஆனால் இங்கே நடந்தது சேமித்த விந்தைப் பயன்படுத்தியதாகவே இருக்க வேண்டும் என்பது ஷெப்பர்டின் முடிவு. சில உண்ணிகள் அவரிடம் 27 வருடம் வாழ்ந்தன. 2022இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு மனிதரின் வேலைக்காலம் முழுக்க அலமாரியில் ஒரு பெட்டி உண்ணி காத்திருந்திருக்கிறது. அவர் காத்திருந்தாரா, அவை காத்திருந்தனவா என்பதை வாசகர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

  

மாட்டிலிருந்து விழுந்த பெண்ணிடம் திரும்பிவிடலாம். சாணிக்கு அடியில், தொழுவத்துக் கல்லிடுக்கில், ஈரமான நிழல் தேடி அது ஒதுங்குகிறது. சில நாட்கள் அசையாமல் கிடக்கிறது. குடித்த ரத்தம் இப்போது முட்டையாகிறது. ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் என்ற பொருளைத் தானே உண்டாக்கும் சக்தி மாட்டு உண்ணிக்கு இல்லை என்று பிரேசில் ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள். மாட்டிடமிருந்து எடுத்ததைத்தான் அது முட்டைக்குள் வைத்துக் குஞ்சுக்குக் கொடுத்தனுப்புகிறது. உண்ணி முட்டையின் பழுப்பு நிறம் மாட்டு ரத்தத்தின் நிறம். பையில் காத்திருந்த விந்தணுக்கள் கருக்குழாய்களை நோக்கி ஊர்கின்றன. கருவான முட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்குகின்றன.

ஒவ்வொன்றாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டை வெளியே வரும்போது பிறப்புக்குழாயே பிதுங்கி வெளியே நீள்கிறது. உண்ணி தலையைக் கீழே மடிக்கிறது. தலைக்கும் முதுகு ஓட்டுக்கும் நடுவிலிருந்து, முட்டையிடும் காலத்தில் மட்டும் வெளிப்படும் ஓர் உறுப்பு ஈரமாகப் புடைத்து வந்து, முட்டையைத் தொட்டு வாங்கி, மெழுகு பூசி, மேலே குவியலில் சேர்க்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை விவரித்த இத்தாலியர் ஜெனே பெயரால் அதை ஜெனே உறுப்பு என்கிறார்கள். அது செய்வது மெழுகுவேலை என்று 1948இல் லீஸும் பீமென்டும் இங்கிலாந்தில் நிரூபித்தார்கள். அந்த உறுப்பை வேலை செய்யவிடாமல் தடுத்தால் முட்டைகள் காற்றில் வாடிச் சுருங்கிவிடுகின்றன. சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடும் நம் சமவெளியில் ஒரு மிளகில் பல பங்கு சின்னதான முட்டை காயாமல் தப்புவது இந்தப் பூச்சினால்தான். இரண்டாயிரம், மூவாயிரம் முட்டைகள். குடித்துப் பருத்த எடையில் ஏறக்குறையப் பாதி. அத்தனைக்கும் தனித்தனியே பூசி முடித்த பிறகு ஓட்டோடு சுருங்கிய ஒரு தோல்தான் மிச்சம்.

இதற்குத் தாய்மை என்று பெயர் வைத்துக் கண்ணீர் விட எனக்கு மனம் வரவில்லை. அதே முட்டைக்குள் நோயும் போகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் காய்ச்சல் என்ற மாட்டு நோயை ஆராய்ந்த தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் சொன்னது அதுதான்: நோயுற்ற மாட்டில் குடித்த தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் கிருமி குஞ்சுக்குப் போகிறது, அந்தக் குஞ்சு ஏறுகிற அடுத்த மாட்டுக்கு நோய் வருகிறது. ஒரு நோய் பூச்சி போன்ற உயிரால் கடத்தப்படுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் நிரூபணங்களில் ஒன்று இது. கொசுவும் மலேரியாவும் அதற்குப் பிறகுதான். நம் ஊரில் கறவை மாடு காபித் தண்ணீர் நிறத்தில் மூத்திரம் போய், காய்ச்சலில் படுத்து, பால் வற்றிப் போகிறதே, பெபீசியா, அது அதே குடும்பத்து நோய்தான். ஜெர்சி கலப்பு மாட்டை அது வீழ்த்துகிற வேகத்தில் நாட்டு மாட்டை வீழ்த்துவதில்லை. திமிலுள்ள நம் மாட்டினங்களின் தோலில் உண்ணி ஒட்டுவதே குறைவு.  பாலுக்காகக் கலப்பு மாட்டைக் கொண்டுவந்தபோது உண்ணியின் செலவையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தோம். அது கணக்கில் எழுதப்படவில்லை.

மருந்து இருக்கிறது. டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் தெளிப்பும் ஐவர்மெக்டின் ஊசியும் கடையில் கிடைக்கின்றன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த இடங்களில் உண்ணி அதற்குப் பழகிவிடுவதும் தெரிந்த கதை. வேம்பு, பூண்டு, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை அரைத்துத் தேய்க்கும் மூலிகை முறையைக் கால்நடைத் துறையினரே இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் 1990களில் வந்த தடுப்பூசி இன்னும் சுவாரசியமானது. மாட்டின் ரத்தத்தோடு உண்ணிக்குள் போகும் எதிர்ப்பொருள் அதன் குடலைப் புண்ணாக்கும். உண்ணி உடனே சாகாவிட்டாலும் குடிப்பது குறையும், முட்டை குறையும். அடுத்த தலைமுறையைக் குறிவைக்கிற மருந்து அது.

தடுப்பூசி நம் தொழுவத்துக்கு வரும் வரை கை ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கைக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். பிடுங்கிய பெரிய உண்ணியை எறியாதீர்கள். அது சேர்ந்து முடித்தது, விழுந்த இடத்தில் முட்டையிட்டுவிடும். வெறும் தண்ணீரில் போட்டாலும் நாட்கணக்கில் தாங்கும். விரலாலும் கல்லாலும் நசுக்காதீர்கள். உண்ணியின் ரத்தம் கைப்புண்ணில் பட்டு மனிதருக்கு வரும் கிரிமியன்-காங்கோ காய்ச்சலை 2011இல் குஜராத் பார்த்திருக்கிறது. ஒரு மூடிபோட்ட டப்பாவில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ ஊற்றித் தொழுவத்துத் தூணில் மாட்டிவையுங்கள், பிடுங்கியதெல்லாம் அதற்குள் போகட்டும். சின்னதென்று விட்டுவைக்கிறீர்களே, அதையும் சேர்த்துப் பிடுங்குங்கள். நாளைக் காலைக்குள் அதுதான் பெரியது.